எக்ஸ்சேஞ்ச் மேசைக்கடியில் வந்த கதை: காசிமேட்டுக் கடை ஒன்றின் தொலைபேசி மாற்றம்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் படகு இன்ஜின் உதிரிபாகக் கடை ஒன்று இருக்கிறது. இன்ஜெக்டர், கேஸ்கட், வாட்டர் பம்ப், ஷாஃப்டுக்கான புஷ் என்று விசைப்படகுக்கு வேண்டியது எல்லாம் கிடைக்கும். கடை இங்கே, குடோனும் பட்டறையும் திருவொற்றியூரில். இரண்டுக்கும் நடுவில் எண்ணூர் நெடுஞ்சாலை, அதில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள். ஒரு சாமானுக்காகப் பையனை அனுப்பினால் எப்போது திரும்புவான் என்று சொல்ல முடியாது. அதனால் இந்த வியாபாரத்தில் ஆள் ஓடுவதைவிட போன் ஓடுவதுதான் அதிகம்.

இருபது வருடத்துக்கு மேலாக வடசென்னையில் இன்டர்காம், ஈபிஏபிஎக்ஸ் (கடையின் உள் போன்களை வெளி லைன்களோடு இணைக்கும் பெட்டி), நெட்வொர்க் வேலை பார்த்து வருகிறேன். 2023-இல் இந்தக் கடையைச் செம்புக் கம்பி லைன்களிலிருந்து இணையவழித் தொலைபேசிக்கு மாற்றிக் கொடுத்தது நான்தான். அதில் சரியாகச் செய்ததும் உண்டு, நானே சொதப்பியதும் உண்டு. இரண்டையும் இங்கே எழுதுகிறேன். கடைப் பெயரும் ஆட்கள் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். முதலாளியைப் பெரியவர் என்றும், பதினேழு வருடமாக கவுன்ட்டரில் போன் எடுக்கும் அம்மாவை அக்கா என்றும் சொல்லிக்கொள்கிறேன். கடையில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

முதலில் இருந்தது

நான்கு லைன். அதில் ஒன்று 044-க்குப் பிறகு 25 என்று தொடங்கும் எட்டு இலக்க எண். அதுதான் தலை எண். அது பிஸியாக இருந்தால் அழைப்பு தானாக அடுத்த லைனுக்குத் தாவும். ஹன்டிங் என்போம். நான்கும் சுவரில் மாட்டிய பதினாறு எக்ஸ்டென்ஷன் (உள் போன்) கொண்ட ஈபிஏபிஎக்ஸ் பெட்டிக்குள் போகும். அந்தப் பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். ஆனால் கரண்ட் போனால் முதல் லைனை மட்டும் பெரியவர் மேசையில் இருக்கும் சிவப்பு போனுக்கு நேராக இணைத்துவிடும் வசதி அதில் இருந்தது. எத்தனை மணி நேரம் கரண்ட் இல்லாவிட்டாலும் சிவப்பு போனில் டயல் டோன் இருக்கும்.

இது எப்படி என்று பலரும் கேட்பார்கள். பழைய போனுக்கு பிளக் பாயின்ட் கிடையாது என்பதைக் கவனித்திருப்பீர்கள். எக்ஸ்சேஞ்சில் அடுக்கி வைத்த பேட்டரிகளிலிருந்து 48 வோல்ட் டிசி, பேச்சு வரும் அதே இரண்டு கம்பியில் வருகிறது. மணி அடிக்கும்போது மட்டும் அதைவிட அதிகமான ஏசி வரும். எங்கள் ஆட்களில் சிலருக்குக் கம்பியின் பிளாஸ்டிக்கைப் பல்லால் சீவும் பழக்கம் உண்டு. சீவிக்கொண்டிருக்கும்போது யாராவது அந்த நம்பருக்குப் போட்டால் உதடு சுரீர் என்று சொல்லும். ஆக, போனுக்கு வேண்டிய மின்சாரமும் அதற்கான பேட்டரியும் டீசல் ஜெனரேட்டரும் எக்ஸ்சேஞ்சுக்காரர் பொறுப்பு. நாம் வாடகை மட்டும் கட்டினால் போதும்.

அந்த வாடகைக்கு வந்த லைனின் கதியோ வேறு. கடற்காற்று. தெருக் கம்பத்தில் லைன் கம்பிகள் பிரியும் டிபி பாக்ஸைத் திறந்தால் உள்ளே செம்பு பச்சை பூத்திருக்கும். ஐப்பசி மழை தொடங்கினால் நான்கில் இரண்டு லைன் கரகரவென்று பாடும். லைன்மேனுக்குப் போன் போட்டு, வண்டி அனுப்பி, டீ வாங்கிக் கொடுத்து, தீபாவளிக்குக் காசும் கொடுத்து வந்தார் பெரியவர். அவர் ஓய்வு பெற்ற பிறகு வந்தவருக்கு எந்தக் கம்பி ஜோடி எந்தப் பெட்டியில் போகிறது என்பதே தெரியவில்லை. பழையவர் அதை எழுதி வைக்கவில்லை. அவர் தலைக்குள் இருந்தது.

நெருக்கடி 2023 கோடையில் வந்தது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். துறைமுகம் ஓய்ந்து கிடக்கும்போது இந்தக் கடைக்கு மட்டும் மூச்சு விட நேரம் இருக்காது. படகுகளைக் கரையேற்றி இன்ஜினைப் பிரிப்பது அப்போதுதான். அந்தப் பரபரப்பில் நாகப்பட்டினத்திலிருந்து ஒரு படகுக்காரர் பம்ப் ஒன்றின் பாகம் எண்ணைப் போனில் சொன்னார். கரகரப்பில் 'டி' என்றது அக்காவுக்கு 'பி' என்று கேட்டது. சாமான் பஸ்ஸில் போய், தப்பு என்று தெரிந்து, திரும்பி வந்தது. படகுக்காரர் நான்கு நாள் உட்கார்ந்திருந்தார். பெரியவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இத்தோட போதும். இன்னா பண்ணலாம் சொல்லு" என்றார்.

அக்காவின் நோட்டு

கோட்டேஷன் போடுவதற்கு முன் ஒன்று செய்தேன். இதை இப்போதும் யாருக்கும் சிபாரிசு செய்வேன். அக்காவிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுத்து, ஒரு வாரத்துக்கு வருகிற போன், போகிற போன் எல்லாவற்றுக்கும் ஒரு கோடு போடச் சொன்னேன். யாருக்கு என்று மட்டும் குறித்தால் போதும்.

நோட்டைப் பார்த்ததும் பெரியவரே ஆடிப்போனார். கடையிலிருந்து போன அழைப்புகளில் பாதிக்கு மேல் சொந்த குடோனுக்கு! "அந்த கேஸ்கட் எத்தனை இருக்கு, இந்த புஷ் வந்துச்சா" என்று. வாடிக்கையாளர் முதல் லைனில் காத்திருப்பார், அக்கா இரண்டாவது லைனில் குடோனைக் கூப்பிடுவார். ஒரு வாடிக்கையாளருக்கு இரண்டு லைன். இருவர் ஒரே நேரத்தில் கேட்டால் நான்கும் போச்சு. மூன்றாவது ஆள் கூப்பிட்டால் பிஸி டோன். லைன் போதவில்லை என்று ஐந்தாவது லைன் கேட்டிருந்தார் பெரியவரின் மகன். கொடுத்திருந்தால் அதையும் குடோன்தான் தின்றிருக்கும்.

இணையவழி முறையின் உண்மையான லாபம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. குடோனில் வைக்கும் போனும் கடைப் பெட்டியின் ஒரு எக்ஸ்டென்ஷன்தான். திருவொற்றியூரில் இருந்தாலும் மூன்று இலக்கம் அழுத்தினால் அடிக்கும். வெளி லைன் எதையும் பிடிக்காது. விற்பனைக்கு வருகிறவர்கள் கால் சார்ஜ் மிச்சம் என்று பேசுவார்கள். இன்று பெரும்பாலான திட்டங்களில் உள்நாட்டுப் பேச்சு அளவில்லாமல் கிடைக்கும்போது அதில் மிச்சம் பிடிக்க பெரிதாக என்ன இருக்கிறது?

நம்பர் யாருடையது

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு கிளவுட் நிறுவனத்திடம் ஆளுக்கு இவ்வளவு என்று மாத வாடகைக்குப் போய்விடலாம் என்பது மகனின் யோசனை. கடையில் பெட்டியே வேண்டாம், எல்லாம் செல்போன் செயலியில் வரும். தப்பில்லாத யோசனை. ஆனால் ஒரு கேள்வியில் அது நின்றுபோனது: பழைய நம்பர் என்ன ஆகும்?

செல்போன் நம்பரை நிறுவனம் விட்டு நிறுவனம் மாற்றிக்கொள்ளும் வசதி நாடு முழுக்க 2011 ஜனவரியில் வந்துவிட்டது. தரைவழி நம்பருக்கு அது கிடையாது. லைனைச் சரண்டர் செய்தால் நம்பரும் போய்விடும். இந்தக் கடையின் நம்பரோ நாகப்பட்டினத்திலிருந்து பாம்பன் வரை படகுக்காரர்களின் டைரியில் இருக்கிறது. பில் புத்தகத்தில், காலண்டரில், ஏன், சில படகுகளின் இன்ஜின் அறைக் கதவிலேயே பெயின்டில் இருக்கிறது. பெரியவர் நிதானமாகச் சொன்னார்: "கடைய வேணா இடம் மாத்திடலாம்டா, நம்பர மாத்த முடியாது."

அதனால் நடுவழி ஒன்றைப் பிடித்தோம். தலை எண் உள்ள செம்பு லைன் அப்படியே இருக்கட்டும், மற்ற மூன்றையும் சரண்டர் செய்வது. அந்த ஒரு லைன், செம்பில் வரும் பேச்சை இணையத்துக்கு ஏற்றபடி மாற்றும் கேட்வே பெட்டி வழியாகப் புதிய ஐபி (இணையவழி) பெட்டிக்குள் நுழையும். புதிதாக ஒரு எஸ்ஐபி டிரங்க், அதாவது இணையம் வழியாக வரும் வெளி லைன், வாங்குவது. அதில் ஒரே நம்பரில் ஆறு பேர் ஒரே நேரத்தில் பேசலாம். தலை எண் பிஸியானால் அந்தப் புது நம்பருக்குத் திருப்பிவிடச் சொல்லி எக்ஸ்சேஞ்சில் எழுதிக் கொடுத்தோம். பெட்டி என்று நான் சொல்வது ஒரு சின்னக் கம்ப்யூட்டர், அதில் ஆஸ்டரிஸ்க் என்ற இலவச மென்பொருள். 1999-இலிருந்து இருக்கிறது; இன்று விற்கும் பல ஐபி பெட்டிகளின் வயிற்றைக் கிழித்தால் உள்ளே அதுதான் இருக்கும்.

இடையில் ஒருவர் வந்தார். துபாய், சிங்கப்பூர் அழைப்புகளை இணையத்தில் இறக்கி உள்ளூர் லைனில் விட்டால் காசே ஆகாது, நான் போட்டுத் தருகிறேன் என்றார். இது இந்தியாவில் சட்டவிரோதம். இணையவழித் தொலைபேசியே தப்பு என்று சிலர் இன்னும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, உரிமம் பெற்ற நிறுவனத்திடம் டிரங்க் வாங்கினால் முழுக்க முறையானது. உரிமம் இல்லாமல் வெளிநாட்டு அழைப்பைக் கள்ள வழியில் இறக்குவதுதான் குற்றம். அவரை டீ கொடுத்து அனுப்பிவிட்டோம்.

மாற்றிய பிறகு நடந்தவை

தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போன பிறகு, ஆகஸ்டில் வேலையைத் தொடங்கினேன். ஒன்பது ஐபி போன், கடையில் ஐந்து, குடோனில் நான்கு. கேபிள் இழுத்து, அவற்றை ஒன்றுசேர்க்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் மாட்டி, இரண்டே நாளில் மணி அடித்துவிட்டது. அப்புறம்தான் கூத்து.

முதல் நாளே குடோனிலிருந்து, "அண்ணே, கடையில பேசறது கேக்குது, நான் பேசறது அங்க கேக்கல" என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி. இது இந்தத் தொழிலில் எல்லோரும் ஒரு முறையாவது மாட்டிக்கொள்ளும் வியாதி. அழைப்பை ஏற்படுத்தும் செய்தி ஒரு வழியில் போகிறது, குரல் தனியாக வேறு வழியில் போகிறது. ரவுட்டருக்குள் 'எஸ்ஐபி ஏஎல்ஜி' என்று ஒரு வசதி இருக்கும். உதவி செய்கிறேன் பேர்வழி என்று அது அந்த முகவரிகளைத் திருத்தி வைத்துவிடும். போன் அடிக்கும், எடுக்கலாம், ஒரு பக்கக் குரல் மட்டும் வழி தெரியாமல் தொலைந்துபோகும். அந்த ஒரு டிக்கை எடுத்ததும் சரியானது. கண்டுபிடிக்க எனக்கு அரை நாள்.

இரண்டாவது, ஒரு சுழியம். 2021 ஜனவரி 15 முதல் தரைவழி போனிலிருந்து செல்போனுக்குப் போட முன்னால் 0 சேர்க்க வேண்டும். பழைய பெட்டியில் வெளி லைனுக்கு 9, பிறகு 0, பிறகு பத்து இலக்கம் என்று அக்காவின் விரலுக்குப் பழகிவிட்டது. புதுப் பெட்டியில் 9 தேவையில்லை என்று எடுத்துவிட்டேன். செல்போன் எண்களில் பல 9-இலேயே தொடங்குவதால், எந்த 9 எதற்கு என்று பெட்டிக்கும் குழப்பம், அக்காவுக்கும் குழப்பம். கடைசியில் பழைய பழக்கம் அப்படியே வேலை செய்கிற மாதிரி பெட்டியை மாற்றினேன். பதினேழு வருட விரலைத் திருத்துவதைவிட நாலு வரி கன்ஃபிகரேஷனைத் திருத்துவது சுலபம்.

மூன்றாவதுதான் பெரியது. தினமும் மாலையில் குரல் வெட்டி வெட்டி வந்தது. மகன் இணைய நிறுவனத்துக்குப் போன் போட்டு வேகத்தை இரண்டு மடங்காக்கினார். மாற்றம் இல்லை. குரலுக்கு வேகம் பெரிதாகத் தேவையே இல்லை. சாதாரணத் தரத்தில் ஒரு அழைப்புக்கு ஒரு திசையில் 87 கிலோபிட் அளவுதான் ஆகும். எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட்டைத் தொடாது. குரலுக்குத் தேவை நேரம் தவறாமை. வினாடிக்கு ஐம்பது சின்னப் பொட்டலங்கள், ஒவ்வொன்றிலும் இருபது மில்லிவினாடிப் பேச்சு. ஒரு வழிக்கு 150 மில்லிவினாடிக்குள் போய்ச் சேர்ந்தால் பேசுகிறவருக்குத் தாமதம் தெரியாது. பொட்டலங்கள் முன்பின்னாக வந்தால், தொலைந்தால், அங்கே வெட்டு.

அப்படியானால் மாலையில் யார் வழியை மறிக்கிறார்கள்? நான் ஸ்விட்சுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஒரு போர்ட்டின் விளக்கு மட்டும் நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தது. கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால் சிசிடிவி பெட்டி. ஆறு மணிக்கு அன்றைய காட்சிகளை எல்லாம் கிளவுடுக்கு ஏற்றும்படி வேறு யாரோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அது மொத்த அப்லோடையும் அடைத்துக்கொள்ள, குரல் பொட்டலங்கள் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் மாட்டிய ஆட்டோ மாதிரி நின்றன. சிசிடிவியை நள்ளிரவுக்கு மாற்றி, ரவுட்டரில் குரலுக்கு முதல் வழி விடச் சொன்னேன். அன்றோடு தீர்ந்தது. வேகத்துக்குக் கட்டிய கூடுதல் காசு வீண்.

நான்காவது என் வெட்கம். சோதனைக்காக 105-ஆம் எக்ஸ்டென்ஷனுக்கு 105 என்றே பாஸ்வேர்டு வைத்தேன், மாற்ற மறந்தேன். பெட்டியை வெளியிலிருந்து பார்த்துக்கொள்ள வசதியாக, எஸ்ஐபி செய்திகள் வந்துபோகும் வாசலான 5060 போர்ட்டையும் திறந்து விட்டிருந்தேன். உலகம் முழுக்க அந்த போர்ட்டைத் தட்டித் தட்டிப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கும் கும்பல்கள் உண்டு. மூன்றாவது வாரம் ஒரு சனிக்கிழமை இரவு உள்ளே வந்துவிட்டார்கள். திங்களன்று பெட்டியின் அழைப்புப் பதிவான லாகைத் திறந்தால், விடிய விடிய ஏதோ தீவு நாட்டு எண்களுக்கு அழைப்பு முயற்சி, வரி வரியாக. டிரங்கில் ஐஎஸ்டி (வெளிநாட்டு அழைப்பு) பூட்டு போட்டிருந்ததால் ஒன்றும் போகவில்லை. பூட்டு இல்லாமல் இருந்திருந்தால் பில் எவ்வளவு வந்திருக்கும் என்று நினைக்கவே பயம்.

செம்பு லைனிலும் திருட்டு இருந்தது, மறந்துவிடக் கூடாது. எஸ்டிடி விலை கொடுமையாக இருந்த காலத்தில் இரவில் டிபி பாக்ஸைத் திறந்து, கிளிப் மாட்டி, ஊருக்கெல்லாம் பேசிவிட்டுப் போவார்கள். ஆனால் அந்தத் திருடன் கம்பத்துக்கு வந்தாக வேண்டும். இவன் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறான்.

2023 டிசம்பர்

மிக்ஜாம் புயல் மழை டிசம்பர் 3, 4 தேதிகளில் கொட்டியது. வடசென்னைக்காரர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. கரண்ட் போனது, தெருவில் தண்ணீர் ஏறியது, சில நாளில் எண்ணூர்ப் பக்கம் எண்ணெய்ப் படலமும் சேர்ந்துகொண்டது.

ஐபி போன்கள் யூபிஎஸ்ஸில் இரண்டு மணி நேரம் ஓடி அணைந்தன. இதை எதிர்பார்த்ததுதான், ஆனால் கண்ணால் பார்த்தபோது ஒன்று உறைத்தது. ஸ்விட்சிலிருந்து நெட்வொர்க் கேபிள் வழியாகவே ஐபி போனுக்கு மின்சாரம் போகிறது. அதுவும் ஏறக்குறைய அதே 48 வோல்ட்தான். முன்பு எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்தது, இப்போது மேசைக்கடியிலிருந்து வருகிறது. எக்ஸ்சேஞ்சின் வேலை முழுவதையும் நம் தலையில் வாங்கிக்கொண்டோம், அதன் பேட்டரியை மட்டும் வாங்காமல் விட்டோம்.

சிவப்பு போனைத் தலை எண் லைனில் நேராகவும் ஒரு பேரலல் போட்டு வைத்திருந்தேன். முதல் நாள் இரவு வரை அது ஒன்றுதான் பேசியது. பக்கத்துத் தெரு ஆட்கள்கூட வந்து பேசிவிட்டுப் போனார்களாம். செல்போன் டவர்களில் பல அணைந்திருந்தன. பெரியவர் என்னைப் பார்த்ததும், "பாத்தியா, கெய்வி தான் நின்னுச்சு" என்றார். அந்தப் பெருமை அடுத்த நாள் காலை வரைதான். தெருமுனையில் செம்புக் கம்பிகள் சேரும் பில்லர் பெட்டிக்குள் தண்ணீர் போனதும் கிழவியும் ஊமை. லைன் திரும்பி வர மூன்று வாரம் ஆனது.

கடை இருட்டிலும் ஊமையாகவும் இருந்த அந்த நாட்களில் எஸ்ஐபி டிரங்க் வேறொரு வேலை செய்துகொண்டிருந்தது. கடையில் யாரும் எடுக்காவிட்டால் மகனின் செல்போனுக்குப் போ என்று நிறுவனத்தின் சர்வரில் முன்பே எழுதி வைத்திருந்தோம். மாதவரத்தில் மாமியார் வீட்டில் இருந்த மகனுக்கு, சிக்னல் கிடைத்த போதெல்லாம் அழைப்புகள் வந்தன. கிடைக்காதபோது வந்தவை தவறிய அழைப்புப் பட்டியலில் சேர்ந்தன. தண்ணீர் புகுந்த இன்ஜின்களுக்காகப் படகுக்காரர்கள் துடித்துக்கொண்டிருந்த நேரம். கரண்ட் வந்ததும் அக்கா முதல் காரியமாக அந்தப் பட்டியலை வைத்து ஒவ்வொருவராகத் திருப்பிக் கூப்பிட்டார். செம்பு லைனாக மட்டும் இருந்திருந்தால் யார் கூப்பிட்டார்கள் என்பதே தெரிந்திருக்காது. பழைய நம்பருக்குப் போட்டவர்கள் நிலை அதுதான். லைன் பழுதானால் திருப்பிவிடு என்று நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை, பிஸியானால் என்று மட்டும்தான் கொடுத்திருந்தோம். என் தப்புப் பட்டியலில் ஐந்தாவது.

காசு

போன்கள், ஸ்விட்ச், கேட்வே, சின்னக் கம்ப்யூட்டர், யூபிஎஸ், கேபிள் கூலி என்று முதல் செலவு எழுபத்தைந்தாயிரத்தைத் தொட்டது. மூன்று லைன் வாடகை மிச்சம். ஆனால் டிரங்க் வாடகை, குடோனுக்கு ஒரு இணைய இணைப்பு, கடைக்கு மாற்றாக இரண்டாவது இணைப்பு, எல்லாவற்றுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி. மாதக் கணக்கில் பழையதற்கும் புதியதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பில் குறையும் என்று சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம் என்பேன். இங்கே கிடைத்தது, மூன்றாவது ஆளுக்கு பிஸி டோன் கேட்காதது, நம்பர் மறைந்துபோகாத பட்டியல், அப்புறம் அந்தத் தெளிவான குரல்.

குரலைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். 'பி'-யையும் 'டி'-யையும் பிரித்துக் காட்டும் மெல்லிய ஓசையில் ஒரு பங்கு அதற்கு மேலே இருக்கிறது. கடைக்கும் குடோனுக்கும் இடையில் இப்போது அகன்ற அலைவரிசையில் பேசுகிறார்கள்; பக்கத்து அறையில் பேசுகிற மாதிரி இருக்கும். வெளியூர் படகுக்காரர் பழைய நம்பருக்குப் போட்டால் அந்தச் சுகம் கிடையாது, பழைய குறுகிய ஓசைதான். அதற்கு அக்காவே வழி கண்டுபிடித்துவிட்டார்: பாகம் எண்ணைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார். நான் போட்ட எழுபத்தைந்தாயிரத்தில் இதற்கு மருந்து இல்லை.

ஒரே லைன் வைத்திருக்கும் ஐஸ் கடைக்காரர் என்னிடம் வந்து இதே மாதிரி போடச் சொன்னார். வேண்டாம் என்று அனுப்பினேன். அவருக்கு இரண்டு இடம் இல்லை, நான்கு பேர் ஒரே நேரத்தில் கூப்பிடுவதும் இல்லை.

கடைசிச் செம்பு

2024-இல் தொலைபேசி நிறுவனத்திலிருந்து ஆள் வந்து, இந்தத் தெருவில் செம்பை எடுக்கிறோம், ஃபைபருக்கு மாறுங்கள், நம்பர் அதே இருக்கும் என்றார். மாறினோம். சிவப்பு போனின் வயர் இப்போது ஃபைபர் மோடத்தின் பின்னால் செருகியிருக்கிறது. டயல் டோன் அதே மாதிரிதான் கேட்கிறது, ஆனால் அந்த டோனை உண்டாக்குவது இப்போது மோடம்தான். அதற்குள் குரல் பொட்டலமாகத்தான் போகிறது. செம்பா இணையமா என்று நாங்கள் உட்கார்ந்து பேசிய பேச்சு அதோடு முடிந்துபோனது. மோடத்துக்கு கரண்ட் வேண்டும்.

இரண்டு மணி நேர யூபிஎஸ்ஸை எடுத்துவிட்டு, மோடம், ரவுட்டர், ஸ்விட்ச், பெட்டி நான்குக்கும் மட்டும் என்று தனியாக ஒரு இன்வெர்ட்டரும் பெரிய பேட்டரியும் வைத்தேன். ஒரு முழு நாள் தாங்கும். தண்ணீர் ஏறினாலும் எட்டாத உயரத்தில், பழைய ஈபிஏபிஎக்ஸ் பெட்டி தொங்கிய அதே ஆணிகளுக்கு மேல் ஸ்டாண்ட் அடித்தோம். வைத்த தேதியை மார்க்கரால் பேட்டரி மேலேயே எழுதி வைத்திருக்கிறேன். டிஸ்டில்டு வாட்டர் பார்க்கும் நாளை அக்கா தன் நோட்டில் குறிக்கிறார்.

அடுத்த பேட்டரியை எப்போது மாற்ற வேண்டியிருந்தாலும் ஏப்ரல் 15-க்கு முன் மாற்றிவிட வேண்டும், தடைக்காலத்தில் கடை தாங்காது என்று பெரியவரிடம் சொல்லி, விலையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, லைன்மேனுக்கு தீபாவளிக் காசு குட்த்த மாதிரி நெனச்சிக்கிறேன்" என்றார்.